பரபரப்பில் தெளிகிறவர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். டர்பனில் கேஷுவல்டி என்கிற அவசர சிகிச்சைப் பிரிவிலும் பிரசவ வார்டிலும் பல ஆண்டுகள் சிஸ்டராக வேலை பார்த்தவள் நான். மெட்ரிக் என்கிற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களில் ஒரு சிலரை மனத்தில் வைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு இடத்தில் சும்மா உட்காராத பிள்ளைகள் சிலர் உண்டு. நூறு பேருக்குச் சமையல் நடக்கிற கல்யாண வீட்டில்தான் அவர்கள் முகம் மலரும். காவடியன்று வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால், கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போதே அவரை நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட பெண்ணோ பையனோ நர்சிங் படிக்கிறேன் என்றால், “அதற்குப் பொறுமை வேண்டும், உனக்குச் சரிப்படாது” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நர்சிங்கில் அவர்களுக்கென்றே இருக்கிற பிரிவுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பிரிவின் வேகமும் வேறு மாதிரி. எந்த வேகம் நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் கேஷுவல்டி. சம்பளம் வாங்கிய மாதக் கடைசி வெள்ளி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதுப் பையன், தலையில் வெட்டு, சட்டையெல்லாம் ரத்தம், அம்மா அலறுகிறார். அவன் நடந்துதான் வந்தான். துணியை வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், ஒரு சத்தமும் இல்லை. யாரை முதலில் உள்ளே அனுப்புவது? இதைத் தீர்மானிப்பது நர்ஸ்.

இதற்கென்று நம் நாட்டிலேயே உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது: தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் அளவுகோல். ட்ரையாஜ் என்றால் யாருக்கு அவசரம் அதிகம் என்று பார்த்து வரிசைப்படுத்துவது. கேப் டவுனில் 2004-இல் வேலையைத் தொடங்கிய குழு வடிவமைத்தது. இன்று வேறு பல நாடுகளிலும் பயன்படுகிறது. நடக்கிறாரா, மூச்சு எத்தனை, நாடி எத்தனை, ரத்த அழுத்தம், உடல் சூடு, நினைவு, அடிபட்டிருக்கிறதா என்று ஏழு விஷயங்களைப் பார்த்துப் புள்ளி போடுவோம். அந்தப் பெரியவர் தானாக நடக்க முடியாததற்கு 1. மூச்சு நிமிடத்துக்கு 26, அதற்கு 2. நாடி 118, இன்னொரு 2. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 96, அதற்கு 1. ஆறு புள்ளி வந்துவிட்டது. ஆரஞ்சு நிறம், பத்து நிமிடத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்டேன், சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். குழப்பத்துக்கு இன்னும் 2. எட்டு. ஏழு புள்ளியைத் தொட்டாலே சிவப்பு; ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. பையனுக்கு மூன்று புள்ளிதான், மஞ்சள். ஒரு மணி நேரம் வரை தாங்கும்.

இவ்வளவும் சில நிமிடங்களில் நடக்கிறது. அலறுகிற அந்த அம்மாவுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே நடக்கிறது. கால் வேகமாக ஓடினால் போதாது. நாலு பக்கமும் இரைச்சலாக இருக்கும்போது மனம் தானாக வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது இயல்பிலேயே வரும், மற்றவர்களுக்குப் பயிற்சியில் வரும்.

பிரசவ வார்டின் வேகம் முற்றிலும் வேறு. மணிக்கணக்கில் அமைதி. தாயின் முதுகைத் தடவிக்கொடுத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குழந்தை பிறந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நேரத்தில்தான் சில தாய்மாருக்கு ரத்தம் நிற்காமல் போகத் தொடங்கும். கர்ப்பப்பை சுருங்காததுதான் பெரும்பாலும் காரணம். எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டால் குறைத்துத்தான் சொல்வோம். நம் நாடும் கென்யா, நைஜீரியா, தான்சானியாவும் சேர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. அளவுக் கோடு போட்ட பையைத் தாயின் கீழே விரித்து ரத்தத்தை அளந்தார்கள். கூடுதலாகப் போகிறது என்று தெரிந்த உடனே வயிற்றைத் தேய்ப்பது, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப், காயம் இருக்கிறதா என்று பார்ப்பது என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரேயடியாகத் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபரேஷன், மரணமும் 60 சதவீதம் குறைந்தன. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே உயிரைக் காத்ததில் பெரும்பங்கு மிட்வைஃப்களின், அதாவது பிரசவம் பார்ப்பவர்களின், கைகளுக்கு.

ஐசியு நர்ஸ் ஒரு நோயாளியோடு, மிஞ்சினால் இரண்டு பேரோடு இருப்பார். வென்டிலேட்டர், ஐந்தாறு மருந்துப் பம்புகள். எண்ணில் சின்ன மாற்றம் வந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. புதிதுபுதிதாக முகங்கள் வேண்டும் என்கிறவர்களுக்கு அங்கே மூச்சு முட்டும். கருவிகளின்மேல் ஆர்வமும் கணக்கில் கூர்மையும் உள்ளவர்களுக்கு அது நல்ல இடம். ஆபரேஷன் தியேட்டர் ஒழுங்கை விரும்புகிறவர்களுக்கு.

பெற்றோர் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காலை ஏழு முதல் இரவு ஏழு, இல்லாவிட்டால் இரவு ஏழு முதல் காலை ஏழு. பன்னிரண்டு மணி நேரம். தீபாவளி, சொந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் டியூட்டி டியூட்டிதான். ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன பிறகு, முகம் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போக வேண்டியிருக்கும். அப்படி ஒரு இரவு கழித்து வீட்டுக்கு வரும் பிள்ளையை “முதலில் சாப்பிடு, தூங்கு” என்று விட்டுவிடுங்கள். பேசத் தோன்றும்போது அவளே பேசுவாள். அதோடு, ஸூலு மக்களின் மொழியான இசிஸூலு கற்றுக்கொள்ளாமல் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கேஷுவல்டிக்குப் போகாதீர்கள். வலியில் துடிக்கிறவர் தன் தாய்மொழியில்தான் பேசுவார்.

படிப்புக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் பட்டம் படித்தால் மிட்வைஃபரியும் சேர்ந்தே வரும். கல்லூரியில் மூன்று ஆண்டு டிப்ளமோ என்றால் மிட்வைஃபரியைப் பிறகு தனியாகப் படிக்க வேண்டும். எதைப் படித்தாலும் ஓராண்டு சமூக சேவை கட்டாயம். அது முடிந்ததும் அரசு வேலை உடனே எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இதைத் தெரிந்தே இறங்குங்கள். எமர்ஜென்சி, கிரிட்டிகல் கேர் போன்ற சிறப்புப் படிப்புகள் அதற்குப் பிறகு; வார்டில் அனுபவம் இருந்தால்தான் அங்கே எடுபடும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் சி.ஏ.ஓ. என்கிற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். லைஃப் சயின்ஸ் பாடத்தை விட்டுவிடாதீர்கள்.

தனியார் கல்லூரி எதிலாவது சேரச் சொல்லி விளம்பரம் பார்த்தால், ஒரு ரேண்ட் கட்டுவதற்கு முன்னால் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் படிக்கப்போகிற அதே படிப்புக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்துவிட்டு, நர்ஸாகப் பதிவு செய்ய முடியாமல் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டோரியாவில் இருக்கிற கவுன்சிலின் இணையதளத்திலேயே அந்தப் பட்டியல் இருக்கிறது. இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.