மொழி போன வீட்டுலயும் உலை கொதிக்குது

நடுவர் ஐயா அவர்களுக்கும், சுங்கை சிப்புட் பெரியவங்களுக்கும், வேலை முடிஞ்ச கையோட தோட்டத்துலேருந்து நேரா இங்க வந்து உக்காந்திருக்கற அண்ணன்மாரு அக்காமாரு எல்லாருக்கும் வணக்கம். ஐரோப்பாவுல குடியேறுன சனங்களோட பண்பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேக்கறது மொழியா உணவான்னு தலைப்பு, நான் உணவுதான்னு பேச வந்திருக்கேன். எதிரணித் தங்கச்சி நல்லாவே பேசுனாங்க. ஜிப்சின்னு சொல்வாங்களே, அந்த ரோமா மக்கள் இந்தியாவை விட்டுப் போயி ஆயிரம் வருஷம் ஆகியும் அவுங்க மொழியை வச்சுத்தான் எங்கேருந்து வந்தவங்கன்னு கண்டுபுடிக்க முடிஞ்சிச்சுன்னாங்க, ஜெர்மன்காரன் தெனமும் டோனர் கபாப் சாப்புடறான் அதுக்காக துருக்கிக்காரன் ஆயிட்டானான்னு கேட்டாங்க, கைத்தட்டும் வாங்கிட்டாங்க. பதில் சொல்றேன், அதுக்கு முன்னாடி ஸ்பெயின் கதை ஒண்ணு இருக்கு, அதைக் கேளுங்க.

1492ல யூதருங்க ஒண்ணு கிறிஸ்தவங்களா மாறணும் இல்லாட்டி நாட்டை விட்டுப் போவணும்னு ஸ்பெயின் ராஜாவும் ராணியும் ஆணை போட்டாங்க. நிறையப் பேரு போயிட்டாங்க, மதம் மாறுனவங்க அங்கயே தங்கிட்டாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, இவுங்க பேசறதும் ஸ்பானிஷ், பக்கத்து வீட்டுக்காரன் பேசறதும் அதே ஸ்பானிஷ், பேரும் கிறிஸ்தவப் பேரு, ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்கும் போறாங்க. அப்புறம் இவுங்க உள்ளுக்குள்ள இன்னும் யூதருங்கதான்னு சர்ச்சோட மத விசாரணைக்காரன் எதை வச்சுத் தேடுனான்? அடுப்பை வச்சு! யூதருங்க பன்னி சாப்புட மாட்டாங்க, ஓய்வு நாளான சனிக்கெழமை அடுப்பும் பத்த வைக்க மாட்டாங்க. பன்னிக்கொழுப்புல சமைக்காம ஆலிவ் எண்ணெயில சமைக்கறாங்களா, வெள்ளிக்கெழமை பொழுது சாயறதுக்குள்ள கொண்டைக்கடலையும் கறியும் சட்டியில போட்டு மறுநாள் சாப்பாட்டுக்கு ராத்திரி பூரா தணல்ல வைக்கறாங்களான்னு வீட்டு வேலைக்காரங்களைக் கூப்புட்டு சாட்சி கேட்டாங்க. மாட்டுனா உசுரே போவலாம்னு தெரிஞ்சும் அந்தச் சட்டியை அடுப்புல ஏத்துன பொம்பளைங்க இருந்தாங்க ஐயா. மொழியில எந்த வித்தியாசமும் இல்லாத எடத்துல அவுங்க யாருங்கறது அந்தச் சட்டிக்குள்ளதான் இருந்திச்சு.

அடுத்து ஹாலந்து, ஆனா கதை ஆரம்பிக்கறது நம்ம மலேசியாவுக்குப் பக்கத்துல, கடலுக்கு அந்தாண்டை. டச்சுக்காரன் ஆண்ட இந்தோனேசியாவுல டச்சும் உள்ளூரும் கலந்த குடும்பங்க நிறைய, அவுங்களை இந்தோன்னு சொல்வாங்க. 1945ல சுதந்திரம் அறிவிச்சாங்க, 1949ல டச்சுக்காரன் ஒத்துக்கிட்டான், அந்தக் காலத்துலேருந்து ஒரு இருவது வருஷத்துக்குள்ள சுமார் 3 லட்சம் பேரு ஹாலந்துக்குப் போயிட்டாங்க. அவுங்கள்ள பெரும்பாலானவங்களுக்கு வீட்டுலயே டச்சு மொழிதான், அதனால மொழியை வச்சு அவுங்களைப் பிரிச்சுப் பாக்கவே முடியாது. அரசாங்கம் நிறையக் குடும்பங்களை விடுதிகள்ல தங்க வச்சிச்சு, சாப்பாடு விடுதிக்காரன் போடறதுதான், உருளைக்கெழங்கு, அவிச்ச காய், கொஞ்சம் கறி, மொளகாய் அரைச்ச சம்பால் வாசத்துல வளந்த சனங்களுக்கு அது எப்படி எறங்கும் சொல்லுங்க. சொந்த வீடு கெடச்ச ஒடனே அவுங்க வீட்டுல சோறும் சம்பாலும் திரும்ப வந்திருச்சு, அந்தச் சமையல் சாமான் விக்க தோக்கோன்னு கடைங்க வந்திச்சு, 1959ல தி ஹேக் பட்டணத்துல ஒரு விழா ஆரம்பிச்சாங்க, அதுக்கு அவுங்க வச்ச பேரு பாசார் மாலாம், நம்ம டவுன்ல ராத்திரிச் சந்தை போடறோமே அதே பாசார் மாலாம். பேரப்புள்ளைங்களுக்கு மலாயும் தெரியாது ஜாவா மொழியும் தெரியாது, நீ யாருன்னு கேட்டா இந்தோன்னு சொல்லுது, பாட்டி சமையலைத்தான் சாட்சியா காட்டுது. இதுக்கு எதிரணி என்னா பதில் சொல்லப் போறாங்க?

சரி, ரோமா மக்கள் விஷயத்துக்கு வரேன். தங்கச்சி சொன்னது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனா அதே ரோமா மக்கள்ல ஸ்பெயின்ல இருக்கறவங்களை ஹித்தானோன்னு சொல்வாங்க, அந்த நாட்டு ராஜாக்கள் அவுங்க மொழியைத் தடை பண்ணித் தடை பண்ணி இன்னிக்கு அவுங்க பேசறது ஸ்பானிஷ்தான், பழைய வார்த்தைங்க கொஞ்சம் அதுக்குள்ள கலந்து கெடக்குது, அவ்வளவுதான். அதுக்காக அவுங்க ஹித்தானோ இல்லேன்னு ஆயிடுச்சா? அவுங்களைக் காப்பாத்துனது சாப்பாடு மட்டும்னு நான் பொய் சொல்ல மாட்டேன், பாட்டு, ஆட்டம், கல்யாண முறை எல்லாம் சேந்துதான். ஆனா மொழி போயும் அவுங்க போவல.

டோனர் கபாப் கேள்வி. 1961ல ஜெர்மனி துருக்கியோட ஒப்பந்தம் போட்டு ஆளுங்களை வேலைக்கு எடுத்திச்சு, அப்ப போனவங்க பின்னாடி பெர்லின்ல ரொட்டிக்குள்ள கறியை வச்சு கையில புடிச்சு சாப்புடற மாதிரி வித்தாங்க. அது கடைச் சாப்பாடு, காசு குடுத்தவன் எல்லாம் சாப்புடலாம். நம்ம ரோத்தி சானாய்யும் அப்படித்தான், 2024ல மலேசியாவோட காலைப் பசியாறல் பழக்கத்தையே யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, நாசி லெமாக், ரோத்தி சானாய், தே தாரிக் எல்லாம் அதுல இருக்கு, மூணு இனத்துக்கும் பெருமை. ஆனா நாங்க பேசறது வீட்டு உலையைப் பத்தி. ஆடி மாசம் கூழ் ஊத்தறோமே அது எந்தக் கடையில விக்குது? செத்துப்போன பாட்டிக்குப் படையல் போடறப்ப அவுங்களுக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பை தேடிப் புடிச்சு வைக்கறோம், லயத்து வீட்டுல வெறகு அடுப்புல அவுங்க வச்ச அதே பக்குவம் வரணும்னு அம்மா ரெண்டு தடவை புளி கரைக்கறாங்க, அந்தப் பாட்டி மொகத்தையே பாக்காத பேரன் இலைக்கு முன்னாடி நின்னு இதா பாட்டிக்குப் புடிக்கும்னு கேக்கறான். இதை எந்தப் பள்ளிக்கூடப் புஸ்தகமும் அவனுக்குக் குடுக்கல.

எதிரணி அண்ணன் சொன்னாரு, நாம தமிழ்ப்பள்ளியாலதான் தமிழனா இருக்கோம்னு. அண்ணே, தமிழ்ப்பள்ளி எனக்கும் உசுரு, நானும் அதுலதான் படிச்சேன். ஆனா இந்த நாட்டுல 500க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, தோட்டத்துல புள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும்னு வெள்ளைக்காரன் காலத்துலயே சட்டம் வந்திச்சு, இன்னிக்கு வாத்தியாருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது. 1983க்கு அப்புறம் இலங்கையிலேருந்து உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுனவங்களுக்கு பாரிஸ் லா ஷப்பேல்ல, சுவிட்சர்லாந்துல, ஜெர்மனியில அப்படி ஒரு பள்ளி யாரு கட்டிக் குடுத்தா? அவுங்களா வாரக்கடைசியில வகுப்பு நடத்துறாங்க, நான் கையெடுத்துக் கும்புடறேன். ஆனா வாரத்துக்கு அஞ்சு நாளும் புள்ள பிரெஞ்சுலதான் படிக்குது வெளையாடுது, தங்கச்சிகூட சண்டை போடறதும் அதுலதான். அந்தப் புள்ள ஒரு நாள் தமிழ்ல வாயைத் தொறந்தா சொந்தக்காரங்க சிரிக்கறாங்க, அதோட வாயை மூடிக்குது. புட்டும் மீன் கொழம்பும் சாப்புடறப்ப அதைப் பாத்து யாரும் சிரிக்கறதில்ல. மொழிக்குக் கூச்சம் உண்டு, பசிக்குக் கூச்சம் கெடையாது, அதனாலதான் அந்தப் புள்ள இன்னும் அம்மாவோட அடுப்படியில நிக்குது, அங்க நின்னா நாலு வார்த்தை தமிழும் காதுல விழுது.

மணி அடிச்சிட்டாங்க, ஐயா ஒரு நிமிஷம் குடுங்க. ரீயூனியன்னு ஒரு தீவு, இந்தியப் பெருங்கடல்ல இருக்கு, ஆனா 1946லேருந்து பிரான்ஸோட மாவட்டம், அங்க புழங்கற காசு யூரோ. 1848ல அடிமை முறை ஒழிஞ்சப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு நம்ம தமிழ்ச் சனங்களையும் ஒப்பந்தத்துல ஏத்திக்கிட்டுப் போனாங்க, நம்ம தாத்தாங்க கப்பல் ஏறுன மாதிரியே. அவுங்களுக்குத் தமிழ்ப்பள்ளி கெடைக்கல, நிறையப் பேருக்கு கிறிஸ்தவப் பேரு வச்சாங்க, இன்னிக்கு வீட்டுல பேசறது கிரியோலும் பிரெஞ்சும். ஆனா தீமிதி நடக்குது, ஆட்டுக்கறி மசாலா கொதிக்குது, வாழை இலை போடறாங்க, முருங்கைக்கீரை ஒடிச்சுக் கறி வைக்கறாங்க. மொழிதான் அடையாளம்னு நீங்க தீர்ப்பு எழுதுனா இவுங்க அத்தனை பேரும் நமக்கு அந்நியம்னு ஆயிடும். அவுங்களும் நம்ம சொந்தம்னு நெனச்சு தீர்ப்பு சொல்லுங்க ஐயா. நன்றி, வணக்கம்.