ரெண்டு ரூபாய் நாற்பது காசு

நேயர்களுக்கு வணக்கம்.

பரிசு ஆசை காட்டி போன் வழியாகக் காசு கறப்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஒரு கணக்கில் ஆரம்பிக்கிறேன். பேப்பர், பேனா எடுக்க வேண்டாம், காதில் வாங்கிக்கொண்டாலே போதும். 2 ரூபாய் 40 காசு. இந்த ஒரு தொகையை மட்டும் நினைவில் வையுங்கள், பேச்சு முடிகிறவரை இது வந்துகொண்டே இருக்கும்.

2007. ‘கோன் பனேகா குரோர்பதி’ என்ற இந்தி டிவி வினாடி வினா நிகழ்ச்சியின் மூன்றாவது சீசன், ஷாருக்கான் நடத்தியது. அதில் வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைத்தார்கள், ‘ஹர் சீட் ஹாட் சீட்’ என்று. திரையில் ஒரு கேள்வி வரும், கீழே நாலு விடை. சரியான விடையை எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சரியாக அனுப்பியவர்களில் ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய். கலந்துகொள்ள நுழைவுக் கட்டணம் என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த எஸ்.எம்.எஸ். சாதாரண எஸ்.எம்.எஸ். இல்லை. ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு.

ஒரு டீ விலைகூட இல்லையே என்றுதான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதானே அந்த விலை! 5 கோடியே 80 லட்சம் எஸ்.எம்.எஸ். வந்ததாக அப்போது ஒரு பத்திரிகைச் செய்தி சொன்னது. 2 ரூபாய் 40 காசால் பெருக்கினால் 13 கோடியே 92 லட்சம் ரூபாய். பரிசுக்குப் போனது எவ்வளவு? 52 எபிசோடு, ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம், ஆக 1 கோடியே 4 லட்சம். வித்தியாசத்தை நீங்களே கழித்துப் பாருங்கள்.

ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் இதை முறையற்ற வணிகம் என்று சொல்லி, தொலைக்காட்சி நிறுவனமும் செல்போன் நிறுவனமும் சேர்ந்து 1 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அத்தோடு முடியவில்லை. மேல்முறையீட்டில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. காரணத்தைக் கவனியுங்கள்: எஸ்.எம்.எஸ். காசிலிருந்துதான் பரிசுப் பணம் போனது என்பதற்குச் சான்று வைக்கவில்லை, பத்திரிகைச் செய்தி சான்றாகாது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. என்னைக் கேட்டால், எல்லாப் பரிசு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் இதுதான் பாடம். வசூல் கணக்கு அவர்கள் கையில், உங்கள் கையில் வெறும் 2 ரூபாய் 40 காசு கழிந்த தடம். அதையும் யாரும் எடுத்து வைப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பரிசு தருவதாகச் சொல்லிவிட்டுத் தரும் எண்ணமே இல்லாமல் இருப்பது முறையற்ற வணிகம். இலவசம் என்று நினைக்க வைத்துவிட்டு, அதன் விலையை வேறொரு கட்டணத்தில் வாங்கிக்கொள்வதும் முறையற்ற வணிகம்தான். பழைய 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய 2019 சட்டத்திலும் இருக்கிறது.

கேள்விகளையும் பார்த்திருப்பீர்கள். ‘இந்தியாவின் தலைநகர் எது? ஏ, டெல்லி. பி, திண்டுக்கல்.’ இதைப் பார்த்துச் சிரிக்கிறோம். கேள்வி கஷ்டமாக இருந்தால் தெரியாதவர் ஒதுங்கிவிடுவார், 2 ரூபாய் 40 காசு வராது. அதனால்தான் யாரும் தப்பாத கேள்வி.

அடுத்து, நீங்கள் எதுவும் அனுப்பாமலேயே காசு போவது. போன் திரையில் திடீரென்று ஒரு பெட்டி வரும். ‘ஜோக்ஸ்’, ‘கிரிக்கெட் அலர்ட்’, ‘பரிசை வெல்ல ஓகே அழுத்தவும்’. பட்டன் போனில் பெரியவர்கள் அதை மூடுவதற்கு எதை அழுத்துவார்கள்? ஓகேயைத்தான். சேவை தொடங்கிவிடும். நாளுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 90. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் இதற்கு ஒரு தடுப்பு வைத்தது: ஒருமுறை ஓகே சொன்னால் போதாது, வாடிக்கையாளர் இரண்டாவது முறையும் உறுதி செய்ய வேண்டும். நல்ல விதிதான். ஆனால் முதல் பெட்டியை எரிச்சலில் அழுத்துகிறவர் இரண்டாவதையும் அதே எரிச்சலில்தானே அழுத்துவார்!

இப்போது அன்லிமிடெட் பேக் போடுகிறோம், அதனால் மெயின் பேலன்ஸைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அங்கேதான் அரிக்கும். போஸ்ட்பெய்டு என்றால் பில்லில் ‘வேல்யூ ஆடட் சர்வீஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். நிறுத்துவதற்கு ஒரே எண், எல்லா கம்பெனிக்கும் பொது: 155223. மறுபடியும் சொல்கிறேன், ஒன்று, ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு, மூன்று. காசு கழிகிற அதே சிம்மிலிருந்து கூப்பிட வேண்டும், அல்லது ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று அடித்து அனுப்ப வேண்டும். மகன் போனிலிருந்து அப்பா நம்பருக்காகக் கூப்பிட்டால் வேலை நடக்காது, நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். காசு கழிந்த அன்றைக்கே செய்யுங்கள், ஒரு நாளைத் தாண்டினால் திரும்ப வாங்குவது கடினம். பிரீபெய்டாக இருந்தாலும் எதற்கு எவ்வளவு கழிந்தது என்ற விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம், ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் சான்று கேட்டது என்றேனே, நம் பக்கத்துச் சான்று அந்தப் பட்டியல்தான்.

மூன்றாவது வகை அப்பட்டமான திருட்டு. ‘உங்கள் எண்ணுக்கு 25 லட்சம் லாட்டரி விழுந்திருக்கிறது’ என்று வாட்ஸாப்பில் வரும், பிளஸ் 92 என்று தொடங்கும் எண்ணிலிருந்து. வெளிநாட்டு எண். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையை 2003லேயே தடை செய்தாயிற்று. வாங்காத சீட்டுக்கு ஏது பரிசு? முதலில் பதிவுக் கட்டணம் என்று சில ஆயிரம் கேட்பார்கள். கட்டினால் ஜி.எஸ்.டி. அதையும் கட்டினால் ‘ரிசர்வ் வங்கி அனுமதி’. இவ்வளவு கட்டிவிட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே என்ற நினைப்புதான் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பரிசு அனுப்ப ரிசர்வ் வங்கி யாரிடமும் பணம் கேட்பதில்லை.

வரி என்று சொன்னால் மட்டும் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அதில் பாதி உண்மை. பரிசுப் பணத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு. ஆனால் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். கார் மாதிரி பொருளாக விழுந்தால், வரியைக் கட்டிய பிறகுதான் பொருள் கைக்கு வரும். இந்த ஓட்டையில்தான் திருடன் நுழைகிறான். நிஜ வரி அரசுக் கணக்குக்கு, பான் எண்ணோடு, சலானில் போகும். யாரோ ஒரு தனி ஆளின் யு.பி.ஐ.க்குப் போகாது. அப்புறம், பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் போடவே தேவையில்லை. பின் கேட்டால் போவது உங்கள் பணம்.

மெசேஜ் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். முறையாகப் பதிந்த விளம்பரம் பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. பதிந்த ஒரு குறியீட்டிலிருந்து வரும், அதன் கடைசியில் கோடு போட்டு ‘பி’ இருக்கும். ‘எஸ்’, ‘டி’, ‘ஜி’ என்றும் உண்டு, அவை...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. புகார் கொடுப்பதற்கென்று வைத்திருந்த பகுதியை இதற்குள் அடக்கியாக வேண்டும். பணம் போய்விட்டதா, உடனே 1930. வங்கியைக் கூப்பிடுவதையும் தள்ளிப்போடாதீர்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும். விளம்பரத் தொல்லைக்கு 1909. கடை, கம்பெனி ஏமாற்றினால் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மெசேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து... சரி, விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.