33 ஓட்டு

நடுவர் அம்மா அவர்களே, மயிலாப்பூர் அரங்கு நிறைய வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். கருக்கலைப்பு உரிமை பற்றி எம்எல்ஏவோ எம்பியோ அவையில் போட்ட ஓட்டு, அவர்களுடைய தேர்தலில் திரும்பி வருமா, வராதா? வரும் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைக் காட்டினார். 2024 நவம்பரில் அந்த மாநில மக்கள் 51 சதவீதத்துக்கு மேல் உரிமைக்கு ஆதரவாகப் போட்டார்கள். அதே நாளில் டிரம்புக்கு 58 சதவீதம். "பார்த்தீர்களா, எம்எல்ஏ போட்ட ஓட்டையெல்லாம் நம் நாட்டிலும் மக்கள் மறந்துவிடுவார்கள்" என்றார். அம்மா, அங்கே ஓட்டுச்சீட்டில் உரிமைக்கென்று தனிக் கேள்வியே வைத்திருந்தார்கள். கோபத்தை அதில் இறக்கிவிட்டு, வழக்கமான கட்சிக்கே போட முடிந்தது.

அப்படித் தனிக் கேள்வி இல்லாத இன்னொரு அமெரிக்க மாநிலம், தெற்குக் கரோலினாவைப் பாருங்கள். அந்த மாநிலத்தின் மேலவை, 46 பேர் கொண்ட செனட். 2023இல் அதில் ஐந்தே பெண்கள் இருந்தார்கள். அவர்களில் டிரம்பின் குடியரசுக் கட்சியினர் மூவர்: கேட்ரினா ஷீலி, சாண்டி சென், பென்ரி குஸ்டாஃப்சன். அந்த ஆண்டு சொந்தக் கட்சி கொண்டுவந்த கருக்கலைப்புத் தடையை எதிர்த்து மணிக்கணக்கில் பேசினார்கள், எதிர்த்தே ஓட்டும் போட்டார்கள். வரம்பே கூடாது என்று கேட்டவர்கள் அல்ல. பெண்ணுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்றவர்கள். 2024 ஜூனில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சுற்றிலேயே மூவரும் தோற்றார்கள். சாண்டி சென் தோற்றது 33 ஓட்டில்! நம் தெருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைவிட அதிகம் ஓட்டு இருக்கும். அந்தச் சுற்றுக்கு வருகிறவர்கள் குறைவு, தீவிரமானவர்கள் தவறாமல் வருவார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கேயும் உடல் மீதான உரிமைதான் கேள்வி. 1976இல் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள், பல இடங்களில் ஆளைப் பிடித்துக்கொண்டுபோய். 1977இல் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. நெருக்கடி நிலைக்கு வேறு கோபங்களும் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கெடுபிடி அவ்வளவாக எட்டாத தமிழ்நாட்டில் அதே காங்கிரஸ், அதிமுக, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிகளோடு சேர்ந்து 39இல் 34 தொகுதிகளை வென்றது.

அப்புறம் ஏன் நம் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை? சில பிரிவுப் பெண்களுக்குக் கருக்கலைப்புக்கான வரம்பு 20 வாரத்திலிருந்து 24 ஆனது. இரண்டு அவையிலும் குரல் வாக்கெடுப்பு, அதாவது சத்தத்தை வைத்தே முடிவு. தென்சென்னை, மத்திய சென்னை, வடசென்னை எம்பிக்கள் அன்று "ஆம்" என்றார்களா, "இல்லை" என்றார்களா? பெயர்ப் பதிவு கிடையாது. டிவிஷன், அதாவது எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டு வாங்கியிருந்தால் ஒவ்வொரு பெயரும் பதிவில் விழுந்திருக்கும். எழுதியே வைக்காத ஓட்டைக் காட்டி, மக்கள் மறந்துவிட்டார்கள் என்று எதிரணி சொல்வதை நான் ஏற்கமாட்டேன், அம்மா.