கப்பலோட்டிய ஊரில் கப்பல் யாருடையது?

(தூத்துக்குடியில் வணிகவியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கப்பலில் போனவன் இல்லை. 31 வருஷம் இந்த ஊரில் ஒரு க்ளியரிங் ஏஜென்சியில் உட்கார்ந்து, ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கிற ஷிப்பிங் பில் போட்டவன். கடலில் போய் வந்தவர்கள் புயலைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குக் காகிதம்தான் தெரியும். ஆனால் கப்பல் தொழிலில் பாதி காகிதம்தான், பயப்படாதீர்கள்.

அடுத்த வாரம் உங்களை ஹார்பருக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதாக உங்கள் கல்லூரி முதல்வர் அம்மா சொன்னார்கள். போனால் எல்லோரும் கிரேனைத்தான் அண்ணாந்து பார்ப்பீர்கள். அதை விட்டுவிட்டுக் கப்பலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயருக்குக் கீழே ஓர் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். அதுதான் அந்தக் கப்பலின் சொந்த ஊர், அதாவது பதிவான ஊர். அந்த நாட்டுக் கொடியில்தான் கப்பல் ஓடும். பெரும்பாலும் பனாமா, மன்ரோவியா, இல்லாவிட்டால் மஜூரோ. மன்ரோவியா லைபீரியாவில் இருக்கிறது. மஜூரோ எங்கே இருக்கிறது என்று ஆரம்பத்தில் நானும் அட்லஸைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளின் தலைநகரம். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை நம் கோவில்பட்டி டவுனைவிடக் குறைவு. ஆனால் உலகக் கப்பல்கள் மிக அதிகமாகப் பதிவாகியிருக்கும் மூன்று கொடிகளில் ஒன்று அவர்களுடையது. அந்தக் கப்பல்களில் பல அந்த ஊரை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு உங்கள் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிற ஒரு கப்பலையே எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டதே, எவர் கிவன். 400 மீட்டர் நீளம். அதன் சொந்தக்காரர் ஜப்பான்காரர். ஓட்டுவது தைவான் கம்பெனி. பராமரிப்பு ஜெர்மன் கம்பெனி. கொடி பனாமா. உள்ளே இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். ஆறு நாளில் கப்பலை மீட்டுவிட்டார்கள். அதோடு செய்தி முடிந்தது என்று டிவிக்காரர்கள் போய்விட்டார்கள். எகிப்து நஷ்டஈடு கேட்டுக் கப்பலைப் பிடித்து வைத்தது. ஜூலை 7 வரை அது நகரவில்லை. அதில் கண்டெய்னர் பெட்டி ஏற்றியிருந்த வியாபாரிகளுக்கு இன்னொரு இடி: ஜெனரல் ஆவரேஜ். அதாவது, கப்பலை மீட்க ஆன செலவில் சரக்குக்காரனும் பங்கு போட வேண்டும், அப்போதுதான் பெட்டி கைக்கு வரும். நூற்றாண்டுகளாக இருக்கிற கடல் வழக்கம் இது. உங்கள் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு வரும். தூக்கத்தில் படித்துத் தாண்டியிருப்பீர்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். 1956இல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கண்டெய்னர் யுகம் அங்கேதான் தொடங்கியது. இன்றைக்கு ஒரே கப்பல் 20 அடிப் பெட்டி 24,000 ஏற்றுகிறது. உலக வர்த்தகத்தில், எடைக் கணக்கில், 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. இந்தியாவுக்கு அது சுமார் 95 சதவீதம்.

அவ்வளவு பெரிய கப்பல் முழு பாரத்தோடு சுமார் 16 மீட்டர் தண்ணீருக்குள் இறங்கும். நம் துறைமுகத்தில் அந்த ஆழம் கிடையாது. அதனால் நம் பெட்டி முதலில் ஃபீடர் எனப்படும் சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போகும். ஒரு ராத்திரிப் பயணம். அங்கே இறங்கி, ஐரோப்பாவுக்குப் போகிற பெரிய கப்பலுக்காக, அதாவது மதர் வெசலுக்காக, காத்திருக்கும். இங்கேதான் சங்கடம்.

பல வருஷத்துக்கு முன்னால், திருப்பூர்க்காரர் ஒருவரின் 40 அடிப் பெட்டி. உள்ளே முழுக்க டி-சர்ட். ஹாம்பர்க் போக வேண்டியது. கதவுக்குப் போல்ட் சீல் என்கிற முத்திரைப் பூட்டு அடித்து, அதன் எண்ணை நானே எழுதி, உரிய நாளில் ஃபீடரில் ஏற்றிவிட்டோம். கொழும்பில் மதர் வெசல் நிறைந்துவிட்டது என்று பெட்டியை இறக்கி வைத்துவிட்டார்கள். இதற்கு எங்கள் பாஷையில் ரோல் ஓவர் என்று பெயர். ஒரு வரி மெயில் வரும், அவ்வளவுதான். ராத்திரி பதினோரு மணிக்கு அவர் போன். "அண்ணாச்சி, என்ற பெட்டி எங்கீங்க இருக்குது?" கொழும்பு யார்டில் வெயில் காய்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒன்பது நாள் காய்ந்தது. சீசன் போய்விட்டது என்று ஜெர்மன்காரன் விலையைக் குறைத்தான்.

இவ்வளவு நடந்தும் அந்தக் கப்பல் கம்பெனியை மாற்றத் திருப்பூர்க்காரரால் முடியவில்லை. காரணம் எஃப்.ஓ.பி. நம் ஏற்றுமதியாளர்களில் பெரும்பாலானவர்கள், சரக்கைக் கப்பலில் ஏற்றியதோடு தங்கள் வேலை முடிந்தது என்ற நிபந்தனையில்தான் விற்கிறார்கள். கப்பல் கட்டணம், சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் தலையில். அப்படியானால் எந்தக் கப்பல் என்று சொல்வதும் அவன்தான். இறக்குமதியில் நேர் எதிர்: சி.ஐ.எஃப். கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் விலையோடு சேர்ந்து வரும். அங்கேயும் கப்பலைத் தேர்ந்தெடுப்பது விற்கிற வெளிநாட்டுக்காரன். போகும்போதும் அவன் கப்பல், வரும்போதும் அவன் கப்பல். நம் சரக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் கப்பல் யாருடையது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு இந்தியா வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் கட்டுகிறது என்று பிரதமரே 2025இல் பாவ்நகரில் சொன்னார்.

இதை இந்த ஊரில் நின்று பேசும்போது வ.உ.சி. பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிலைக்கு மாலை போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் பட்ட பாட்டை ஒரு வியாபாரக் கணக்காகப் பாருங்கள். 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்கிறார். சொந்தக் கப்பல் இல்லை, வாடகைக்கு எடுக்கிறார். பிரிட்டிஷ் கம்பெனி அழுத்தம் கொடுத்து, வாடகைக்கு விட்டவரே அந்தக் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி செய்கிறது. ஊர் ஊராகப் பங்கு விற்று 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொண்டுவருகிறார். கொழும்புக்குப் போக பிரிட்டிஷ்காரன் கட்டணத்தை ஒரு ரூபாயாக்குகிறான், இவர் எட்டணாவாக்குகிறார். அவன் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுக்கிறான். நஷ்டத்தில் ஓட்டி எதிரியைக் கொல்வது இன்றைக்கும் நடக்கிற வித்தைதானே, ஆப் கம்பெனிகளைப் பாருங்கள். 1908 மார்ச்சில் அவர் கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

1919 ஏப்ரல் 5 அன்று இந்தியக் கம்பெனியான சிந்தியாவின் லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து லண்டன் போனது. தேசிய கடல்சார் தினம் என்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். தூத்துக்குடிக் கப்பல் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முந்தி ஓடியது என்பதை நான் அவ்வப்போது பொறாமையோடு நினைத்துக்கொள்வேன். சுதந்திரத்துக்குப் பிறகு 1961இல் அரசு ஷிப்பிங் கார்ப்பரேஷனை உருவாக்கியது. விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் கப்பல் கட்டினார்கள். ஆனால் இன்றைக்கும் உலகக் கப்பல் கட்டும் தொழிலில் சீனா, கொரியா, ஜப்பான் மூன்றும் 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கின்றன. நம் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. கப்பலை உடைப்பதில் மட்டும் நாம் முன்வரிசை. குஜராத்தில் அலங் கடற்கரையில் வரிசையாக நிற்கும்.

துறைமுகம் கட்டுவதில் குறை சொல்ல மாட்டேன். முந்த்ரா, நவசேவா எல்லாம் நன்றாக ஓடுகின்றன. நம் தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் புது கண்டெய்னர் முனையம் திறந்தார்கள். கேரளாவில் விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம், சர்வதேசக் கப்பல் பாதை சுமார் பத்து கடல் மைலில். 2025 ஜூனில் 24,000 பெட்டிகளுக்கு மேல் ஏற்றுகிற எம்.எஸ்.சி. இரினா அங்கே வந்து நின்றது. படம் பார்த்து எனக்கே புல்லரித்தது. கொழும்பில் காய்கிற பெட்டி இனி விழிஞ்ஞத்தில் ஏறலாம், நல்லது. ஆனால் அந்தக் கப்பல் யாருடையது? சுவிட்சர்லாந்தில் தலைமையகம், இத்தாலியக் குடும்பம், லைபீரியக் கொடி. நாம் கட்டியது பஸ் ஸ்டாண்டு. பஸ் வேறு ஆளுடையது.

இந்தியக் கொடி போட்டுக் கப்பல் ஓட்ட ஏன் ஆள் வருவதில்லை என்றால், வரியும் வட்டியும்தான். கப்பல் வாங்கக் கடன் கேட்டால் இங்கே வங்கிகள் நீண்ட காலத்துக்கு, குறைந்த வட்டிக்குக் கொடுத்ததில்லை. மஜூரோவில் பதிந்தால் வரி ஏறக்குறைய இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதையொட்டிப் பெரிய கப்பல்களுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்தும் வந்தது, கடன் கிடைப்பது எளிதாகும் என்கிறார்கள். தாமதம்தான், ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

கடைசியாக ஆட்கள். உலக மாலுமிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தியர். உங்களிலும் சிலருக்கு அந்த ஆசை இருக்கும், போங்கள். ஆனால் பணம் கேட்கிற ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்கு முன்னால், மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் இணையதளத்தில், ஆள் எடுக்க அவனுக்கு ஆர்.பி.எஸ்.எல். என்கிற உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 2024இல் மட்டும் 300க்கு மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கு மேற்பட்ட மாலுமிகளை முதலாளிகள் அம்போவென்று விட்டுவிட்டுப் போனார்கள். நாடு வாரியாகப் பார்த்தால் அதில் இந்தியர்கள்தான் முதலிடம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் முன்பு அப்படி மாட்டினான். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் கப்பல், நான்கு மாதச் சம்பளம் பாக்கி. அவன் அம்மா ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்தார்கள். புரட்டிப் பார்த்தேன். கொடி ஒரு நாடு, முதலாளி கம்பெனி இன்னொரு நாட்டில் ஒரு தபால் பெட்டி எண், ஏஜென்ட் போன் ஸ்விட்ச் ஆஃப். எந்த அரசுக்கு மனு எழுதுவது என்று முடிவு செய்யவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. மாலுமிகள் சங்கமும் தூதரகமும் பிடித்து இழுத்து அவன் வீடு வந்து சேர ஏழு மாதம்.

இப்போது வேறு கப்பலில் இருக்கிறான், சம்பளம் ஒழுங்காக வருகிறது. போன வாரம் வாட்ஸ்அப்பில் பேசும்போது பின்பக்கம் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "மஜூரோ, மாமா" என்றான்.