சீகை விதையும் ரத்தத்தில் ஓடும் செல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று காலை கோத்தகிரியிலிருந்து உதகைக்கு பஸ்ஸில் வந்தேன். தொட்டபெட்டா பக்கம் சீகை மரங்களை, அதாவது வாட்டில் மரங்களை, வெட்டிச் சாய்த்திருந்த ஒரு சரிவு கண்ணில் பட்டது. வெட்டி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். அடிமரமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. ஆனால் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சீகைக் கன்றுகள். இங்கே காடு கழனியோடு வாழ்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மரம் போனாலும் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். வெயிலோ தீயோ பட்டால் கிளம்பிவிடும். நான் ஆய்வகத்தில் என்ன செய்கிறேன் என்று அம்மா கேட்டபோது இந்தச் சீகையை வைத்துத்தான் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் ரத்தத்தில், கட்டியிலிருந்து கழன்று வந்த செல்கள் இருக்கின்றனவா என்று தேடுவது என் வேலை.

இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் என் சித்தி. எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இடது மார்பில் ஒரு கட்டி இருப்பது குளிக்கும்போது கைக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் அக்காவிடம், அதாவது என் அம்மாவிடம் சொன்னார். ஊரிலிருந்து கீழே இறங்கி ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், பயாப்சி என்று சொல்லியிருக்கிறார்கள். அது எதற்கு, எடுத்தால் என்ன ஆகும் என்று உட்காரவைத்து யாரும் விளக்கவில்லை. சித்தி அன்றைக்கே மலையேறி வந்துவிட்டார். "ஊசி குத்துனா உடம்பெல்லாம் பரவிடும்னு சொல்றாங்க கண்ணு, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்று என்னிடம் சொன்னார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பதில் தெரியவில்லை. மறுபடி அவர் போனபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது.

கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் பரவும் என்ற அந்தப் பயத்துக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1869-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். அவர் உடம்பிலிருந்த கட்டிகளின் செல்களைப் போலவே ரத்தத்திலும் செல்கள் தெரிந்தன. ரத்தத்தின் வழியாகவே நோய் பயணம் செய்கிறது என்பதற்கு அது முதல் தடயம். கட்டி தனக்கென்று ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவை நம் இயல்பான குழாய்களைப் போல இறுக்கமானவை அல்ல, கசியக்கூடியவை. அந்தக் கசிவு வழியாகச் செல்கள் வெளியே வந்துவிடுகின்றன. 1975-இல் எலிகளின் மார்பகக் கட்டியில் அளந்து பார்த்தார்கள். ஒரு கிராம் கட்டி ஒரே நாளில் 30 லட்சத்துக்கும் அதிகமான செல்களை ரத்தத்தில் உதிர்த்தது. எலியின் கணக்கை அப்படியே மனிதருக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் கட்டி தானாகவே உதிர்க்கும், யாரும் தொட வேண்டியதில்லை என்பது இதில் தெளிவு. ஊசி குத்தும்போது சில செல்கள் நழுவலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பயாப்சி செய்துகொண்டதால் ஆயுள் குறைவதில்லை. கட்டியை உள்ளேயே விட்டுவைப்பதுதான் நாள்தோறும் விதைப்பது.

சரி, இத்தனை செல்கள் ஓடினால் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் நோய் வர வேண்டுமே? வருவதில்லை. ரத்தத்தில் விழுந்த செல்களில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலேயே செத்துவிடுகின்றன. தப்பியவற்றுக்கும் மண் ஒத்துவர வேண்டும். லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்து 1889-இல் எழுதினார்: நோய் கல்லீரலுக்குப் போகிறது, அதே ரத்தம் பாயும் மண்ணீரலுக்கு அவ்வளவாகப் போவதில்லை. விதை எங்கும் விழும், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்றார். நம் சீகையும் அப்படித்தானே? திறந்த புல்வெளியில் மூடிக்கொண்டு வளர்கிறது. அடர்ந்த சோலைக்குள் அதற்கு அந்த வேகம் இல்லை.

இப்போது ஆய்வகத்துக்கு வாருங்கள். கையில் 7.5 மில்லி ரத்தம் எடுக்கிறோம், ஒன்றரை தேக்கரண்டி. ஊசி நுழையும்போது தோலின் செல்கள் ஒட்டிக்கொண்டு வந்து நம்மை ஏமாற்றும் என்பதால் முதலில் வரும் ரத்தத்தை இதற்கு எடுத்துக்கொள்வதில்லை. அடுத்துப் பிடிக்கும் குழாயில்தான் தேடுகிறோம். அந்தக் குழாயில் செல் கெடாமல் காக்கும் மருந்து இருக்கிறது. அறை வெப்பத்திலேயே 96 மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டுக் கிடக்கும் நாட்களில் இந்த 96 மணி நேரம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஒன்றரைக் கரண்டி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் 3,000 கோடிக்கு மேல். வெள்ளையணுக்கள் சில கோடி. நாங்கள் தேடுவது ஐந்து, பத்து, சில நேரம் ஒன்றே ஒன்று. கண்ணால் ஆகிற காரியமா? மார்பகத்தின் உள்சுவரில் இருக்கும் செல்களின் மேற்பரப்பில் எப்கேம் என்று ஒரு புரதம் உண்டு. ரத்த அணுக்களில் அது கிடையாது. அதைப் பிடித்துக்கொள்ளும் பொருளை மிக நுண்ணிய இரும்புத் துகளில் பூசி ரத்தத்தில் கலந்தால், துகள் அந்தச் செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை வைத்தால் செல் அதோடு வந்துவிடும். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றி, இது வெள்ளையணு இல்லை, கட்டியின் செல்தான் என்று உறுதி செய்துகொள்கிறோம். சில செல்கள் பயணத்தின்போது அந்தப் புரதத்தையே களைந்துவிடும். அவை காந்தத்துக்குச் சிக்காமல் போய்விடுகின்றன. இது இந்த முறையின் குறை, எங்களுக்கு இன்னும் தலைவலி.

எண்ணிப் பார்த்து என்ன பயன்? 2004-இல் அமெரிக்காவில், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட 177 பெண்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. 7.5 மில்லியில் ஐந்து அல்லது அதற்கு மேல் செல் இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரமே முற்றியது. அதற்குக் குறைவாக இருந்தவர்கள் கூடுதல் காலம் நன்றாக இருந்தார்கள். அப்படியானால் கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து, கொடுத்தும் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு அந்த மருந்தை உடனே மாற்றிக் கொடுத்தால் பிழைப்பார்களா? அதையும் செய்து பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. மருந்தை முன்கூட்டியே மாற்றியும் ஆயுள் கூடவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. நோய் எந்தப் பக்கம் போகிறது என்று ரத்தம் சொல்கிறது; திருப்பிவிட இன்னும் நல்ல மருந்து வேண்டும். எண்ணுவதோடு நிற்காமல், பிடித்த செல்லுக்குள் என்ன மாறியிருக்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் வேலை அதனால்தான் இப்போது மும்முரமாக நடக்கிறது.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. மார்பகத்தை எடுத்து 7 முதல் 22 வருஷம் ஆன, நோயின் அறிகுறியே இல்லாத 36 பேரைப் பார்த்ததில் 13 பேரின் ரத்தத்தில் அந்தச் செல்கள் இருந்தன. மண்ணுக்குள் கிடக்கும் விதை மாதிரி எங்கோ ஒரு கூட்டம் உயிரோடு இருந்து, மெல்ல உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அவர்கள் நோயின்றி இருந்தார்கள். ஆகவே ரத்தத்தில் செல் இருக்கிறது என்பதை உடனே மரணச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"அப்போ ரத்தம் கொடுத்தாலே மார்பில் கட்டி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமா?" என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். இல்லை அம்மா, தெரியாது. ஆரம்ப நிலையில் பலருக்கு ஒரு செல்கூடச் சிக்காது. அதற்கு உங்கள் கையும் மருத்துவரின் கையும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும்தான். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். வலிக்காத கட்டி என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

புதிய சேதி ஒன்று. 2022-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 30 பெண்களிடம் விடிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிடைத்த செல்களில் முக்கால் பங்குக்கு மேல், அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்து ரத்தத்தில் இருந்தன. இதைக் கேட்டுவிட்டு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், தூக்கம் உடம்புக்கு வேண்டும். இது எங்களுக்கான பாடம். பகலில் எடுத்த ரத்தத்தில் செல் குறைவு என்று நாங்கள் எழுதிக்கொடுத்தது உண்மையிலேயே குறைவா, அல்லது நேரம் செய்த வேலையா? அதனால் இப்போதெல்லாம் குழாயின் மேல் ஒட்டும் சீட்டில், தேதிக்குக் கீழே, ரத்தம் எடுத்த மணியையும் நிமிஷத்தையும் சேர்த்து எழுதுகிறோம்.

நன்றி, வணக்கம்.