கடைசி வாங்கில் ஒரு மீன்கார அக்கா

நேயர்களுக்கு வணக்கம். நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன். கடவுளைப் பற்றிக் கதைக்கச் சொன்னால் மணிக்கணக்கில் கதைப்பேன். கடவுளோடு இரு என்றால் ஐந்து நிமிடத்தில் மணிக்கூட்டைப் பார்ப்பேன். அந்தக் குறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

போன தவக்காலத்தில் ஒரு மத்தியானம், திருகோணமலை மரியாள் பேராலயத்தில் கொப்பியும் கையுமாக இருந்தேன். தூய ஆவியார் தந்தையாகிய கடவுளிடமிருந்து மட்டுமா, மகனாகிய இயேசுவிடமிருந்தும் புறப்படுகிறாரா என்ற கேள்வியில் மண்டை காய்ந்துகொண்டிருந்தது. 1054இல் கிழக்குத் திருச்சபையும் மேற்கும் முறிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சின்னக் கேள்வியில்லை.

அப்போது மீன் விற்கிற அக்கா ஒருவர் வெறுங்கூடையை வாசலில் வைத்து, செருப்பைக் கழற்றி, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து கடைசி வாங்கில் இருந்தார். முழங்கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. செபமாலை இல்லை, உதடும் அசையவில்லை. பத்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பினார். பின்னாலேயே போய்க் கேட்டேன்: "என்ன செபம் அக்கா சொன்னீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. சும்மா இருந்திட்டு வாறன்."

வெட்கமாகப் போனது. பிரான்சில் ஆர்ஸ் ஊர் விவசாயி ஒருவர், இயேசு இருக்கிற நற்கருணைப் பேழைக்கு முன் மணிக்கணக்கில் இருப்பாராம். என்ன செய்கிறாய் என்று பங்குக் குரு வியான்னி கேட்டதற்கு, "நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்" என்றாராம். இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! கண்முன்னே நடந்தபோது குறுக்கு விசாரணை செய்தேன்.

இதற்காகப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரிய இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாவை இழுப்பார்கள். 1273 டிசம்பர் 6, பூசைக்குப் பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றார். எழுதிக்கொண்டிருந்த பெரிய இறையியல் நூல் பாதியில் நின்றது. மூன்று மாதத்தில் அவரும் இறந்தார். ஆனால் எழுதியதை அவர் கொளுத்தவில்லையே! செபத்தைப் பற்றி எழுதிய புனிதை அவிலா தெரேசாளும் பக்தி மட்டும் உள்ள குருவைவிடப் படித்த குருவையே நம்பினார். செபத்திலோ, நிறைய யோசிப்பதல்ல, நிறைய அன்பு செய்வதே காரியம் என்று எழுதினார்.

இப்போது வகுப்புத் தொடங்க முன் இரண்டு நிமிடம் பேசாமல் இருக்கிறோம். கடவுளைக் கூப்பிடும் "அப்பா" என்ற ஒரு சொல் மட்டும், அதுவும் மனதுக்குள். யாராவது இருமுவார்கள், கதிரை கிரீச்சிடும், வெளியே ஓட்டோ ஹோர்ன் அடிக்கும். பிள்ளைகள் இருந்துவிடுகிறார்கள். முதலில் கண்ணைத் திறக்கிறவன் இன்னும் நான்தான்.