மாத்தே சொன்னப்புறமும் கழுத்தை விடலன்னா?

வணக்கம் மக்களே, இன்னைக்கு நேரா மேட்டருக்கு வந்துடறேன். பாரிஸ் ஒலிம்பிக்ஸ், 2024 ஜூலை 27, ஜூடோ ஆண்கள் 60 கிலோ குவார்ட்டர் ஃபைனல். ஜப்பானோட நகயாமா, ஸ்பெயினோட கர்ரிகோஸ். ரெண்டு பேரும் தரையில உருண்டுட்டு இருக்காங்க, கர்ரிகோஸ் கழுத்த நெரிக்கிறாரு, ரெஃப்ரி "மாத்தே"ங்கறாங்க, அதாவது நிறுத்து. நகயாமா உடனே உடம்ப லூஸ் விட்டுட்டாரு. ஆனா கர்ரிகோஸ் விடல! இன்னும் சில செகண்ட் இறுக்குனதுல அந்த மனுஷனுக்கு நினைவே போயிடுச்சு, கடைசில பார்த்தா கர்ரிகோஸுக்கு இப்பான், அதாவது மேட்ச்சையே முடிச்சு வெக்கற முழு பாயிண்ட், குடுத்து ஜெயிக்க வெச்சுட்டாங்க.

எழுந்த நகயாமா கை குலுக்கல. மேட்ட விட்டும் இறங்கல, ரொம்ப நேரம் அப்படியே நின்னாரு. உடனே ஒரு கூட்டம், ஜப்பான்காரனுக்கே மரியாதை தெரியலையேன்னு.

எனக்கு இதுல தான் கடுப்பு. 1882ல ஜூடோவ உருவாக்குன கானோ ஜிகோரோ, கோடோகான்ங்கற தன்னோட ஜூடோ பள்ளிய ஆரம்பிச்சப்போ, ஜுஜுட்சுங்கற பழைய ஜப்பானிய சண்டைக்கலைல இருந்த குத்து உதையெல்லாம் ஃப்ரீ பிராக்டிஸ்ல இருந்து எடுத்தாரு, அதனால தான் தினமும் முழு பலத்தோட மோத முடியுது. கழுத்த நெரிக்கலாம், முழங்கைய பூட்டலாம், ஆனா எதிராளி தோத்துட்டேன்னு கையால ரெண்டு தட்டு தட்டுனா அடுத்த நொடி விட்டுடணும். தூக்கி எறியும்போது கூட நல்ல ஆளுங்க எதிராளியோட சட்டைக்கைய விடாம மேல இழுத்து புடிச்சிருப்பாங்க, தலை தரையில மோதக்கூடாதுன்னு. மரியாதைன்னா இது தாங்க, குனிஞ்சு வணக்கம் வெக்கறது சும்மா அதோட ரசீது மாதிரி.

கர்ரிகோஸ் கூட்ட சத்தத்துல கேக்கலன்னு சொன்னாரு, இருக்கலாம், அந்த ஹால்ல செம்ம இரைச்சல். அப்புறம் நேர்ல போய் மன்னிப்பும் கேட்டாரு, ரெண்டு பேருமே வெண்கலம் வாங்குனாங்க. அது ஓகே.

ஆனா ஜப்பான்லயே பாருங்க, நேஷனல் டீம் பெண்கள் 15 பேரு, கோச் அறையறாரு, மூங்கில் வாளால அடிக்கறாருன்னு புகார் குடுத்து, 2013ல கோச் சோனோடா ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. தினமும் பயிற்சிக்கு முன்னாடியும் பின்னாடியும் வரிசையா உக்காந்து குனிஞ்சு வணக்கம் வெக்கற ஊரு அது!

அதனால பசங்கள ஜூடோ கிளாஸ்ல சேக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போய் உக்காந்து பாருங்க. எவ்ளோ அழகா குனியறாங்கன்னு பாக்காதீங்க, குழந்தை தட்டுனதும் சார் கை எவ்ளோ வேகமா விடுதுன்னு பாருங்க. சரி மக்களே, அடுத்த வீடியோல பாப்போம், பை!